கேதீஸ்வரியிடம் தங்கிப் போன முகம்

பழுகாமத்தில் பால் வாங்கும் நிலையத்துக்குக் காலையில் போனால் கேதீஸ்வரியைக் காணலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களிலிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால் கேன்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, கலக்கி, பால்மானியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் மறைக்க மாட்டாள்.

"இதுல பாதி வாய்க்கால் தண்ணி மாமா. வீட்டுக்குக் கொண்டு போய் நீங்களே குடிங்க."

மூக்கால் வருகிற மாதிரி ஒரு குரல். மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஒரு தழும்பு. வயது இருபத்தொன்று. பால் கொண்டுவரும் ஆண்களுக்கு அவளிடம் பயம்.

இவள் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில், மார்கழியிலிருந்து மாசிவரை, இவளுக்கு வேறொருத்தியின் முகம் இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பார்க்காதவர்கள் நம்புவதில்லை. பார்த்தவர்கள் இப்போது அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. நான் எழுதுவது அவளும் அவளுடைய தாய் சீதேவியும் சொன்னதை வைத்துத்தான். அவளோடு டியூஷன் படித்த நிதுர்ஷன் சொன்னது கொஞ்சம். அவன் பேச்சுக்காரன் அல்ல.

கேதீஸ்வரி பிளந்த உதட்டோடும் பிளந்த அண்ணத்தோடும் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது உதட்டைத் தைத்தார்கள். நடக்கத் தொடங்கிய பிறகு அண்ணத்தைத் தைத்தார்கள். இரண்டும் நன்றாகத்தான் ஆறின. ஆனால் தழும்பும் குரலும் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறந்தால் பின்வாங்கில் இருந்து ஒருவன் அதே மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேச வேண்டி வந்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வாள்.

கொரோனாவுக்கு ஊரை மூடியபோதுதான் அவள் வாய் திறந்தது. களுவாஞ்சிகுடியில் அவள் அப்போதுதான் சேர்ந்திருந்த டியூஷன் வகுப்பை ஆசிரியர் போனுக்கு மாற்றினார். டேட்டா போதாது என்று எல்லாரும் கேமராவை மூடிவைத்திருப்பார்கள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்றதும் கேதீஸ்வரிக்கு ஒரு துணிவு வந்தது. புவியியல் பாடத்தில் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்வது அவள். விளங்காத பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டு விளக்குவாள். ஆசிரியர் பிழையாகச் சொன்னால் அதையும் சொல்வாள்.

களுதாவளையில் அந்தக் குரல்பதிவுகளைத் தகப்பனின் வெற்றிலைத் தோட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் நிதுர்ஷன். கொடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போனைச் சட்டைப்பையில் போட்டு பருவக்காற்றைப் பற்றிய ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பானாம். ஒருநாள் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்.

"உனக்கு எப்பவும் தடிமனா? மூக்கடைச்ச மாதிரிக் கேட்குது."

அவள் "பிறந்ததுல இருந்தே தடிமன்" என்று பதில் அனுப்பினாள்.

அவன் அதை நம்பி, கற்பூரவள்ளி இலையை அவித்துக் குடிக்கச் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பையும் ஒரு பதிவாக அனுப்பினாள். அப்படித்தான் தொடங்கியது.

வகுப்புகள் மறுபடி திறந்தபோது எல்லார் வாயிலும் மாஸ்க். அவன் குரலைக் கேட்டு அவளைக் கண்டுபிடித்தான். பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்து சந்தியில் இருந்த கடையில் பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கினார்கள். குடிக்க வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தெரியத்தானே போகிறது என்று நினைத்து ஒரே இழுவையில் கழற்றிவிட்டாள்.

நிதுர்ஷன் பார்த்தான். "நோகுமா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடித்தான்.

அன்றைக்கு அவன் வேறு எதையாவது சொல்லியிருந்தால், பரிதாபமாகவோ ஆறுதலாகவோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த நாள் அந்த வகுப்புக்கே போயிருக்க மாட்டேன் என்று கேதீஸ்வரி சொல்கிறாள். அவனுக்கு முன்னால் மட்டும் அவள் கையால் வாயை மறைப்பதை விட்டாள். பிறகு எல்லாருக்கும் முன்னால் விட்டாள்.

பரீட்சைக்கு முந்திய மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வாவி கரையேறி வயலுக்குள் வந்தது. எது வாவி, எது வயல் வட்டை என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. கேதீஸ்வரியின் தகப்பன் அருமைநாயகத்துக்கு வட்டைக்கு அப்பால் ஒரு மேட்டில் மாட்டுப்பட்டி இருந்தது. மாடுகளை முந்தின நாளே ஓட்டிவந்துவிட்டார். ஒரு கன்று மட்டும் அங்கே அகப்பட்டுக்கொண்டது. அதை ஏற்றிவரத் தோணியில் போனார். கன்றைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. கேதீஸ்வரியும் போனாள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. வரும்போது கன்று மிரண்டு துள்ளியது. தோணி ஒருபக்கம் சரிந்து கவிழ்ந்தது. தண்ணீர் கலங்கல், இழுவை. அருமைநாயகம் ஒரு கையால் கவிழ்ந்த தோணியையும் மறு கையால் மகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீருக்கு அடியில் இருந்தாள். அவரால் இழுக்க முடியவில்லை. ஆனால் பிடியை விடவில்லை. கடைசியில் கால் ஒரு வரம்பில் தட்டுப்பட, ஊன்றி நின்று அவளைத் தூக்கினார்.

கன்று தானாக நீந்திக் கரையேறிவிட்டது.

வரம்பில் கிடத்தி, முதுகைத் தட்டி, குடித்த தண்ணீரைக் கக்கவைத்து, முகத்தில் அப்பியிருந்த சேற்றைத் தன் இடுப்புச் சாரத்தால் துடைத்தார் அருமைநாயகம். துடைத்த கை அப்படியே நின்றது. அகன்ற நெற்றி, நீண்ட கண், வெட்டு ஒன்றுமில்லாத உதடு. இடது கன்னத்தில் ஒரு குழி. அவர் வாழ்நாளில் பார்த்திராத ஒரு பெண்.

"அப்பா, கண்டு எங்க?" என்று அந்தப் பெண் கேதீஸ்வரியின் குரலில் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஸாதியா என்ற இளம் டொக்டர். நுரையீரலில் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு தேசிய அடையாள அட்டையில் இருந்த படத்தையும் முன்னால் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். வெளியே உதட்டில் தழும்பு இல்லை. உள்ளே அண்ணத்தில் தைத்த அடையாளம் அப்படியே இருந்தது.

"உள்ளுக்குப் பழைய ஆள்தான்" என்றார் ஸாதியா. "வெளியில நடந்ததுக்கு எனக்கு விளக்கம் தெரியா. பொய் சொல்ல மாட்டன். சாப்பாடு, நித்திரை ஒழுங்கா இருக்கா எண்டு பாருங்க. பயந்து போய்ப் பிள்ளையக் கண்ட கண்ட இடத்துக்குக் கொண்டு போகாதீங்க."

அருமைநாயகத்துக்குச் சந்தேகமே இல்லை. "நான் பிடிச்ச கைய விடல்ல. தண்ணிக்குள்ள போன கைதான் வெளியில வந்தது" என்பார் யாரிடமும். சீதேவிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பெற்ற பிள்ளை என்று மனம் சொல்லும், கண் ஒப்பாது. நிமிர்ந்து பார்த்தால் வீட்டுக்குள் யாரோ ஒரு அயல்பெண் நிற்பாள். அதனால் சீதேவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தான் குசினிக்குள் தேங்காய் துருவுவாள். மகளை வெளியே படியில் இருந்து கதைக்கச் சொல்வாள். குரல் மட்டும் உள்ளே வரும்போது அது அவளுடைய மகள்தான். அந்தக் கிழமைகளில் தாயும் மகளும் கதைத்த அளவுக்கு முன்பு ஒருநாளும் கதைத்ததில்லையாம்.

ஊருக்கு முதலில் பயம். பிறகு ஆச்சரியம். பிறகு, சொல்லப்போனால், ஒருவித சந்தோஷம். ஏனென்றால் அந்த முகம் வடிவான முகம். தெருவில் போனால் திரும்பிப் பார்க்கவைக்கிற வடிவு. அருமைநாயகத்தின் தங்கை சுலோஜனா வீட்டுக்கு வந்து மருமகளின் நாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மாளாச்சி கண் திறந்திட்டா. இனி உனக்கு லண்டன் மாப்பிள்ளையே கிடைக்கும்கா."

"இது என்ட முகம் இல்ல மாமி."

"உன்ட கழுத்துக்கு மேலதானே இருக்கு?"

கேதீஸ்வரிக்குப் போன் திறக்கவில்லை. முகத்தைக் காட்டித் திறக்கிற போன் அது. புது முகத்தைக் காட்டினால் அதிர்ந்துவிட்டுச் சும்மா இருந்தது. எண்களை அழுத்தித் திறந்து நிதுர்ஷனுக்குக் குரல்பதிவு மட்டும் அனுப்பினாள். தோணி கவிழ்ந்ததைச் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. அவன் வீடியோவில் எடுத்தால் துண்டித்துவிட்டு, சிக்னல் இல்லை என்பாள். இரண்டு கிழமை இப்படிப் போனது. வெள்ளம் வடிந்து பட்டிருப்புப் பாலத்துக்கு இப்பால் தெரு திறந்ததும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

முற்றத்தில் வைக்கோல் உலரப்போட்டுக்கொண்டு நின்றவள் அவள்தான். அவன் அவளைப் பார்த்தான், பார்வையை மரியாதையாகத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, கேதீஸ்வரி இருக்காவா?"

அவள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள்.

"கற்பூரவள்ளி கொண்டந்தயா?" என்றாள்.

நிதுர்ஷன் மோட்டார் சைக்கிளை நிறுத்தத் தெரியாமல் அப்படியே சாய்த்துவிட்டான். பின்னால் கட்டியிருந்த பெட்டி திறந்து, அருமைநாயகத்துக்கென்று கொண்டுவந்த வெற்றிலைக் கட்டு முற்றத்தில் உருண்டது. அவன் அவளையே பார்த்தான். பயந்துதான் பார்த்தான், அதை மறைக்கவில்லை. அவள் நடந்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவன் படியில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் வடிவு எண்டு சொல்றாங்க" என்றாள் அவள். "நீயும் சொல்லு, கேட்டுட்டுப் போறன்."

"வடிவுதான்" என்றான். "ஆனா எனக்கு இந்தப் பிள்ளையத் தெரியாதே. பார்க்கப் பார்க்க வேற ஆர்டயோ வீட்டுப் பிள்ளையப் பார்க்கிற மாதிரி வெக்கமாக் கிடக்கு."

"அப்ப போகப் போறயா?"

அவன் எழுந்து வேலிப் படலைக்கு வெளியே போனான். அவள் போகிறான் என்றுதான் நினைத்தாள். அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள்.

"இப்ப சொல்லு" என்றான் நிதுர்ஷன். படலைக்கு அப்பால் வேலிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றான். "தண்ணிக்குள்ள என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லு."

அவள் முற்றத்தில் இருந்து சொன்னாள். அவன் தெருவில் நின்று கேட்டான். போனில் கேட்டதைவிட வேலியால் கேட்டதுதான் அதிகம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் அப்படித்தான். முதலில் வெளியே நின்று போனில் பேசுவான். பேச்சு சூடேறி அவள் சண்டை பிடிக்கத் தொடங்கியதும் உள்ளே வருவான். ஒரு நேரத்தில் போன் தேவைப்படவில்லை. எந்த முகத்தில் இருந்து திட்டு வந்தாலும் திட்டு கேதீஸ்வரியின் திட்டாக இருந்தது.

பொங்கலுக்குச் சுலோஜனா மாமி புதுச் சேலை ஒன்று கொண்டுவந்தாள். கட்டாயப்படுத்திக் கட்டவைத்து, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டாள். லண்டனிலோ கனடாவிலோ ஒரு மாப்பிள்ளை பார்ப்பான் என்பது அவளுடைய கணக்கு. மாப்பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆனால் படம் சுற்றிச் சுற்றி வாகரைக்கும் போனது.

வாகரையிலிருந்து ரதீஸ் என்று ஒருவர் மாமியிடம் இலக்கம் வாங்கி அருமைநாயகத்துக்குப் போன் எடுத்தார். முப்பது வயது, கடற்தொழில். அவருடைய மூத்த சகோதரி சுபாஜினி சுனாமியில் போனவள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. உடல் கிடைக்கவில்லை. படத்தில் இருப்பது அவளுடைய முகம் என்றார்.

"நாங்க ஒண்டும் உரிமை கேட்க இல்ல அண்ணன். அம்மாக்கு ஒருக்காப் பார்க்கோணுமாம். அவவுக்கு முழங்கால் ஏலா, இல்லாட்டி இப்பவே பஸ் ஏறி வந்திருப்பா."

சீதேவி பயந்து போனாள். பிள்ளையை அவர்கள் கேட்டால் என்ன செய்வது? முகமே சாட்சி என்று சொன்னால்? கேதீஸ்வரிக்கு இருந்த பயம் வேறு. அதை அவள் நிதுர்ஷனிடம் மட்டும் சொன்னாள்.

"தண்ணிக்குள்ள செத்தது கேதீஸ்வரியா இருந்தா? நான் அந்த வாகரை அக்காவா இருந்தா? கேதீஸ்வரி எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற வேற ஆளா இருந்தா?"

நிதுர்ஷன் இதைச் சிரித்துத் தள்ளவில்லை. யோசித்தான்.

"நேற்று என்னோட எதுக்குச் சண்டை பிடிச்ச?"

"நீ பாஸ்ட் பேப்பர் செய்யாம கிரிக்கெட் பார்த்ததுக்கு."

"அந்த அக்காக்கு என்ட பாஸ்ட் பேப்பரால என்ன? என்னத் தெரியாத ஆள் என்னத்துக்கு என்னோட இவ்வளவு கோபிக்கோணும்? நீதான். எனக்கு நல்லாத் தெரியும்."

அவளுக்கு அந்த இடத்தில் ஒரு பாரம் இறங்கியது. இருந்தாலும் பரீட்சை முடிய வாகரைக்குப் போவது என்று முடிவெடுத்தவள் அவள்தான். தன்னிடம் இருப்பது இன்னொருவரின் பொருள் என்றால், உடையவர் பார்க்கக் கேட்டால் காட்டத்தானே வேண்டும் என்று தாயிடம் சொன்னாள்.

பரீட்சை மண்டபத்தில் பிரச்சினை வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். அடையாள அட்டையில் ஒரு முகம், மேசையில் இன்னொரு முகம். பள்ளிக்கூட அதிபரே முதல் நாள் கூடவந்து மேற்பார்வையாளரிடம், "இந்தப் பிள்ளையை முதலாம் வகுப்பில இருந்து எனக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, குரலைக் கேட்டா எங்கட பிள்ளைகள் எல்லாரும் சாட்சி சொல்லுவாங்க" என்றார். மேற்பார்வையாளர் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும், முன்பு மூக்கால் பேசிக் காட்டியவன் உட்பட, "ஓம் சேர், அவதான்" என்றார்கள். எழுதவிட்டார்கள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அருமைநாயகமும் கேதீஸ்வரியும் நிதுர்ஷனும் வாகரைக்குப் புறப்பட்டார்கள். சீதேவி வரவில்லை. வந்தால் அங்கே அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று நின்றுவிட்டாள். மட்டக்களப்பில் திருகோணமலை பஸ் ஏறி, ஓட்டமாவடி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடக்கும்போது கேதீஸ்வரி நிதுர்ஷனின் காதருகே சொன்னாள்:

"நான் அங்க வாய் திறக்காம இருந்தா என்ன? குரலைக் கேட்டாத்தானே அவவுக்கு மகள் இல்ல எண்டு தெரியும். ஒரு நாளைக்காவது மகள் வந்த மாதிரி இருக்கட்டுமே."

"உனக்கு வாய் திறக்காம இருக்க ஏலுமா?"

"சொல்லு."

"எனக்குத் தெரியா" என்றான் அவன். "நீ என்ன செய்தாலும் நான் பக்கத்துல நிப்பன்."

ரதீஸ் சந்தியில் காத்திருந்தார். அவளைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்துவிட்டு முன்னால் நடந்தார். மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வீட்டுக்கு முன்னால் ஒரு வேம்பின் கீழ் பிளாஸ்டிக் கதிரையில் ரதீஸின் தாய் தங்கேஸ்வரி இருந்தார். எழும்ப முயன்று முடியாமல் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்து பார்த்தார்.

கேதீஸ்வரி ஒழுங்கையிலிருந்து அவரை நோக்கி நடந்தாள். அருகே போனாள். வயதான கண்கள் தன் முகத்தில் நெற்றி, புருவம், கன்னம் என்று ஒவ்வொரு இடமாகப் போவதைப் பார்த்தபோது வாய் மூடி இருக்க அவளால் முடியவில்லை. அது திருட்டு மாதிரி இருந்தது.

"அம்மா, நான் உங்கட மகள் இல்ல. முகம் மட்டும்தான் அவட. என்ட பேர் கேதீஸ்வரி."

"தெரியும் மகள்" என்றார் தங்கேஸ்வரி. "நீ ஒழுங்கையால நடந்து வாறபோதே தெரிஞ்சிட்டு. அவள் கால் ரெண்டையும் அகட்டி அகட்டி ஆம்பிளப் பிள்ள மாதிரி நடப்பாள். எத்தின தரம் ஏசியிருப்பன்." அவர் கையை நீட்டினார். "இஞ்ச வா, கிட்ட வா. வெயில் பக்கமாக் கிறுகி நில்லு, நான் நல்லாப் பார்க்கிறன்."

அவள் மணலில் முழந்தாளிட்டாள். தங்கேஸ்வரி அவளுடைய கன்னத்துக் குழியில் ஒரு விரலை வைத்தார்.

"அண்டைக்குக் கடல் வீட்டோட கொண்டு போயிட்டு. ஒரு போட்டோ மிஞ்சயில்ல. முதல் ரெண்டு மூண்டு வருசம் கண்ண மூடினா வருவாள். மறுகா மறுகா மங்கிக்கொண்டு போனாள். புறகு மூக்கு எப்பிடி இருந்தது எண்டு தெரியல்ல. கண் தெரியல்ல. நடை தெரியும், கோபம் தெரியும், என்ன கறிக்கு என்ன சொல்லுவாள் எண்டு தெரியும், முகம் தெரியா. பெத்த தாய்க்குப் பிள்ளைட முகம் மறந்து போச்சு எண்டு ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

ரதீஸ் வேம்பின் மறுபக்கம் போய் நின்றார்.

"நான் முகத்தைப் பார்க்கத்தான் கூப்பிட்டன். மகளக் கேட்டு இல்ல" என்றார் தங்கேஸ்வரி.

அன்று முழுவதும் கேதீஸ்வரி அங்கேயே இருந்தாள். தங்கேஸ்வரி அவளுடைய தலையை எண்ணெய் வைத்து இழுத்து இரட்டைப் பின்னல் பின்னினார். ரதீஸின் மனைவி நண்டுக்குழம்பும் சோறும் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். சுபாஜினியோடு படித்த ஒருத்தி, இப்போது நரை விழுந்த தாய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். கேதீஸ்வரி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நிதுர்ஷன்தான் படமெடுத்தான். நேராக, பக்கவாட்டில், சிரித்து, சிரிக்காமல், தங்கேஸ்வரியின் தோளில் சாய்ந்து. தங்கேஸ்வரி ஒவ்வொரு படத்தையும் வாங்கிப் பார்த்து, "இதுல இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். அவரே சிரிக்கவும் செய்தார்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது தங்கேஸ்வரி நிதுர்ஷனைப் பார்த்தார்.

"இவளக் கட்டப் போறது நீதானா தம்பி?"

"ஓம் அம்மா."

"இந்த முகம் இல்லாம முதல் இருந்த முகத்தயும் கண்டிருக்கயா?"

"கண்டிருக்கன்."

"எது விருப்பம்?"

நிதுர்ஷன் கேதீஸ்வரியைப் பார்க்கவில்லை. தங்கேஸ்வரியையே பார்த்துச் சொன்னான். "இந்த முகம் எனக்கு இப்ப பழகிட்டு. இதே இருந்தாலும் பிரச்சினை இல்ல. ஆனா மற்றதைக் காண ஆசையாக் கிடக்கு. நான் முதல் கண்டது அதைத்தானே."

தங்கேஸ்வரி தலையாட்டினார். பிறகு கேதீஸ்வரியின் இரு கன்னங்களையும் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அவளிடம் அல்ல, அந்த முகத்திடம், "சரி புள்ள, நான் பார்த்திட்டன். போயிட்டு வா" என்றார்.

அன்றும் அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில் கேதீஸ்வரி கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். சீதேவி குடத்தோடு வந்தாள். மகள் இருக்கிறாள் என்று தெரிந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வருவது அவளுக்கு அந்த நாட்களில் பழக்கமாகியிருந்தது. அன்றைக்குக் கேதீஸ்வரி, "அம்மா, வாளிக் கயிறு இத்துப் போச்சு, பார்த்து இறைங்க" என்றாள். சீதேவி கயிற்றைப் பார்க்க நிமிர்ந்தாள்.

குடம் விழுந்த சத்தத்துக்கு அருமைநாயகம் ஓடிவந்தார். சீதேவி மகளின் வாயில் இருந்த பற்பசை நுரையையும் பொருட்படுத்தாமல் அந்த உதட்டை, அந்தத் தழும்பைக் கையால் தடவித் தடவி, சிரித்துக்கொண்டும் "என்ட புள்ள, என்ட புள்ள" என்று சொல்லிக்கொண்டும் நின்றாள். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை அன்றைக்குத்தான் விட்டேன் என்று என்னிடம் சொன்னாள். கேதீஸ்வரி வாயைக் கொப்பளித்துவிட்டு வாளித் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நிதுர்ஷனுக்கு வீடியோவில் எடுத்தாள். அவன் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவில் நின்றான். திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து போவதை அவள் கண்டாள்.

"ஆ, வந்திட்டயா?" என்றான்.

"ஓம், வந்திட்டன்."

"நில்லு, குளிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு போனைத் துண்டிக்காமலே ஓடினான். அவள் கொஞ்ச நேரம் வெற்றிலையையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமிக்கு மட்டும்தான் கவலை. லண்டன் பேச்சு ஒன்று கிட்டத்தட்ட ஒப்பேறும் நிலையில் இருந்ததாம். ஒரு கிழமை இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். வந்த கையோடு, "அந்தக் களுதாவளைப் பொடியன் நல்ல பிள்ளைதான்கா" என்றாள்.

வாகரைக்குத் தகவல் சொன்னது கேதீஸ்வரி. தங்கேஸ்வரி "படம் எல்லாம் போன்ல இருக்கா எண்டு முதல்ல பார்" என்று மகனைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. இருந்தன. ஒன்றும் அழியவில்லை. ரதீஸ் ஒரு படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டியிருக்கிறார். இரட்டைப் பின்னல், கன்னத்தில் குழி. அதைப் பார்க்க நானும் போயிருந்தேன். தங்கேஸ்வரி அதன் கீழே கதிரையைப் போட்டு இருந்து மீன் வெட்டுகிறார். அவருக்கு இப்போது கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லை.

கேதீஸ்வரிக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒரு பாடம் சறுக்கிவிட்டது. அதில் அவளுக்குப் பெரிய துக்கம் இல்லை. பால் நிலையத்தில் வேலை கிடைத்தது. நிதுர்ஷன் வெற்றிலையோடு மிளகாயும் வைத்திருக்கிறான். வருகிற ஆவணியில் கல்யாணம், களுதாவளைப் பிள்ளையார் கோயிலில். முழங்கால் ஏலாவிட்டாலும் ஆட்டோ பிடித்து வருவேன் என்று தங்கேஸ்வரி சொல்லியிருக்கிறார். பெண் பக்கத்தில் தனக்கு ஒரு இடம் வேண்டுமாம். சீதேவி இரண்டு கதிரை ஒன்றாகப் போடச் சொல்லியிருக்கிறாள்.

அந்த முகம் போனதில் ஏதாவது வருத்தம் உண்டா என்று கேதீஸ்வரியிடம் கேட்டேன். கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள்.

"அந்த உதட்டுக்கு லிப்ஸ்டிக் நேராப் போட ஏலும். இதுக்கு ஏலா. கல்யாணத்தண்டைக்கு அது ஒண்டுதான் கரைச்சல்" என்றாள். அதற்குள் இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் பால்மானியைக் கழுவி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.